எடோ காலக் கனவு நாடுகளுக்குள் சமையலறை வழியாக நுழைவது எப்படி

நான் சென்டாயில் இருந்துகொண்டு நெல் நடவு இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். "கத்தியைத் தொடும் முன் எஞ்சினை நிறுத்தவும்" மாதிரியான வாக்கியங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் பேட்டைச் சமூகக்கூடத்தில் பழைய புத்தகம் படிக்கும் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. ஏழெட்டுப் பேர், என்னைத் தவிர எல்லாரும் எழுபது தாண்டியவர்கள். எடோ காலத்து லட்சிய உலகங்களைப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். "ஜப்பானிலும் யுட்டோப்பியா எழுதியிருக்கிறார்களா, எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் வேலை மிச்சம்.

முதல் வேலை, அந்த 'யுட்டோப்பியா' என்ற சொல்லைக் கொஞ்சநேரம் மறந்துவிடுங்கள். எடோவில் (இன்றைய தோக்கியோ) இருந்துகொண்டு 1603 முதல் 1868 வரை நீண்ட தொகுகாவா ஆட்சியில், அதாவது எடோ காலத்தில், அப்படி ஒரு அலமாரியே கிடையாது. அரசாட்சியை மாற்று என்று அச்சடித்து விற்றால் கைவிலங்குதான். ஆகவே நல்ல உலகம் பற்றிய யோசனைகள் வேறு வேறு வேடத்தில் ஒளிந்திருக்கும். ஒரு வைத்தியரின் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கேலிச் சித்திரப் புத்தகத்தில் இருக்கும். பிரபுவுக்கு ரகசியமாகக் கொடுத்த மனுவில் இருக்கும். தலைப்பில் 'ஹிசாக்கு', 'ஹிரோக்கு' என்று வந்தால் ரகசியத் திட்டம், ரகசியக் குறிப்பு என்று பொருள், உடனே எடுத்துப் பாருங்கள். மலைக் கோயிலிலும் இருக்கும். சமயத்தில் மீன் படத்திலும் இருக்கும்.

இரண்டாவது வேலை, கையில் ஒரு கேள்வியோடு போவது. என் கேள்வி கடன் வாங்கியது. ஒரு சனிக்கிழமை 'பெண்கள் தீவு' கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். இவாதே பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வாழ்ந்து, பிள்ளைகளோடு இருக்க நகரத்துக்கு வந்த ஒரு பாட்டி எங்கள் கூட்டத்தில் உண்டு. எல்லாரும் அந்தத் தீவின் தத்துவம் பேசி முடித்ததும் அவர் கேட்டார்: "சரி, இந்த ஊர்ல சோறு யார் ஆக்குறாங்க?" எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அன்றிலிருந்து எந்தக் கனவு நாட்டைப் படித்தாலும் நோட்டுப் புத்தகத்தின் தலைப்பில் மூன்று வரி எழுதிக்கொள்கிறேன்: விளைவிப்பது யார், ஆக்குவது யார், உட்கார்ந்து சாப்பிடுவது யார். புத்தகத்தில் பதில் இல்லையென்றால் அந்த வரியைக் காலியாக விட்டுவிடுவேன். காலி வரிகளும் நிறையச் சொல்லும்.

கை பழக இஹாரா சைகாக்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 1682-இல் ஒசாகாவில் வந்த அவருடைய முதல் நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும் போதும். காமமே தொழிலாக வாழ்ந்த யோனொசுக்கே அறுபது வயதில் ஏழு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கப்பல் கட்டி, பெண்கள் தீவைத் தேடி இசு மாகாணத்திலிருந்து புறப்படுகிறான். கப்பலில் ஏற்றிய சரக்குப் பட்டியலை மெதுவாகப் படியுங்கள். தொட்டியில் உயிரோடு அயிரை மாதிரியான மீன், வேர்க்கிழங்கு, சேனை வகை, முட்டை. எல்லாம் வீரியம் தரும் என்று அன்று நம்பியவை. சொர்க்கத்துக்குப் போகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறான்! அங்கே ஒருவரும் இவனுக்குச் சமைத்துப் போட மாட்டார்கள் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. கப்பல் போனது, போன இடம் தெரியவில்லை என்பதோடு கதை முடிகிறது. தீவை நாம் பார்ப்பதே இல்லை.

இனி பெரிய ஆள். இங்கே நிதானமாக உட்காருங்கள், அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. அவர் பெயர் அந்தோ ஷோஎகி. தமிழில் எழுதினால் ஒப்பாரி மாதிரி வருவது தற்செயல்தான், ஆனால் பொருத்தமில்லாமல் இல்லை. 1703-இல் இன்றைய அகிதா மாநிலத்தின் ஓதாத்தே அருகே நீய்தா கிராமத்தில் பிறந்தார், 1762-இல் அங்கேயே இறந்தார். நடுவில் பல வருஷம் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஹாச்சினோஹேயில் வைத்தியம் பார்த்தார். 1744-இல் ஒரு விழாவுக்கு வந்த குதிரை வில்லாளிகளுக்கு மருந்து கொடுத்தார் என்று அந்தச் சிற்றரசின் அலுவலகக் குறிப்பேடு சொல்கிறது. 1753-இல் 'ஷிசென் ஷின்எய்தோ' என்ற நூலின் மூன்று பாகங்கள் அச்சானது. நூறு பாகங்களுக்கு மேல் போகும் பெரிய கையெழுத்துப் பிரதி பெட்டியிலேயே கிடந்தது.

அவரைத் திறப்பதற்கு முன்னால் 1749-ஐப் படியுங்கள். இதை விட்டுவிட்டுப் படித்தவர்கள் அவரை ஒரு கிறுக்கு என்றே நினைப்பார்கள். நானும் முதலில் நினைத்தேன். எடோ நகரம் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. நகரத்துக்கு மிசோ என்ற சோயா விழுதும் சோயா சாறும் வேண்டும், அதற்குச் சோயா பயறு வேண்டும். ஹாச்சினோஹே மலைச்சரிவுகளை எரித்துப் பயறு விதைத்தார்கள். சில வருஷத்தில் மண் களைத்ததும் அந்த இடத்தைப் போட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போனார்கள். போட்டுவிட்ட நிலத்தில் காட்டுக்கிழங்கு முளைத்தது. கிழங்கைத் தின்று காட்டுப்பன்றி பெருகியது. கோடையிலும் கடலிலிருந்து வீசும் 'யமாசே' என்ற குளிர்காற்றில் பயிர் கருகிய வருஷத்தில், மிச்சம் இருந்ததைப் பன்றிகள் தின்றுவிட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். உள்ளூரில் இதற்கு இன்றும் 'பன்றிப் பஞ்சம்' என்றுதான் பெயர். தலைநகரத்தின் சாப்பாட்டுத் தட்டு விளைவித்தவனின் தட்டைக் கவிழ்த்தது. இதை அந்த வைத்தியர் தெருவில் நின்று பார்த்தார்.

இப்போது புத்தகத்தைத் திறந்தால் அவருடைய இரண்டு சொற்கள் தானாகப் புரியும். ஒன்று 'சொக்கோ': தன் கையால் நேராக உழுவது. மனிதன் மட்டுமில்லை, வானமும் மண்ணும்கூட உழுதுகொண்டேதான் இருக்கின்றன, பயிர் என்பது அவற்றின் உழவு என்கிறார். இன்னொன்று 'ஃபுகோ தொன்ஷொகு': உழாமல் வாரித் தின்பது. புத்தர், கன்ஃபூசியஸ், அரசர், அறிஞர், துறவி எல்லாரையும் இந்த இரண்டாவது சொல்லுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார். அவருடைய 'இயற்கை உலக'த்தில் சமவெளிக்காரர்கள் தானியம் விளைவித்துக் கொடுக்கிறார்கள், மலைக்காரர்கள் விறகும் மரமும் இறக்குகிறார்கள், கடற்கரைக்காரர்கள் மீன் கொண்டுவருகிறார்கள். காசு இல்லை, மேலோர் கீழோர் இல்லை. பிறகு ஞானிகள் வந்து சட்டம் போட்டார்கள், உலகம் 'சட்ட உலகம்' ஆகிக் கெட்டது. அந்தச் சட்ட உலகத்தைப் பறவையும் விலங்கும் பூச்சியும் மீனும் தனித்தனியாக மாநாடு கூட்டிக் கிழிக்கும் ஒரு பாகம் இருக்கிறது. பெரியது சிறியதைத் தின்பது எங்கள் பிறப்பு, இந்த மனிதர்கள் ஏன் எங்களைக் காப்பியடிக்கிறார்கள் என்பதுதான் மாநாட்டின் புகார். புதிதாக வருபவர்கள் இந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது நல்லது. சிரிப்பும் உண்டு, இலக்கணத் தொல்லையும் குறைவு.

அவருடைய எழுத்தில் பிழை தெரிந்தால் திருத்தாதீர்கள். இது அனுபவத்தில் சொல்வது. கையேடு திருத்தும் பழக்கத்தில் நான் அச்சுப் பக்கத்தைப் பார்த்தாலே சிவப்புப் பென்சிலை எடுத்துவிடுவேன். 'வானம், பூமி' என்று வரவேண்டிய இடத்தில் 'சுழல்வது, நிலைப்பது' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. உச்சரிப்பு அதே 'தென்ச்சி'. வட்டம் போட்டேன். அடுத்த வரியில் 'ஆண்' எழுத்தும் 'பெண்' எழுத்தும் ஒட்டி நின்றன, பக்கத்தில் பொடியெழுத்தில் படிக்கும் விதம் 'ஹிதோ', அதாவது மனிதர் என்று இருந்தது. அதற்கும் வட்டம் போட்டேன். கூட்டத்தில் காட்டினால் ஒரு தாத்தா பென்சிலை மெல்ல என் கையிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். இரண்டும் பிழை இல்லை. வானம் மேலே, பூமி கீழே என்று சொன்னால் உயர்வு தாழ்வு வந்துவிடும் என்று ஷோஎகி எழுத்தையே மாற்றியிருக்கிறார். ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் ஒரு மனிதர் என்பதால், அந்த ஒரு சொல்லை எப்போதும் இரண்டு எழுத்தில் எழுதுகிறார். மொழிபெயர்ப்பில் படித்தால் இது காணாமல் போகும். ஜப்பானியம் தெரியாவிட்டாலும் மூலப் பக்கத்தின் படத்தை ஒருமுறை பாருங்கள். அந்த ஜோடி எழுத்தைக் கண்ணே பிடித்துவிடும்.

என் மூன்று வரிகளுக்கும் பதில் எழுதியிருப்பவர்களில் இவர் அபூர்வம். அடுப்பைப் பாருங்கள் என்கிறார். பிரபு வீட்டு அடுப்பும் குடிசை அடுப்பும் சோற்றை வேகவைக்கும் விதம் ஒன்றே, ஆகவே மனிதரும் ஒன்றே என்பது அவர் வாதம். ஆனால் கையைத் தட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். கெட்ட உலகத்தில் இருந்துகொண்டே இயற்கை உலகத்தை நோக்கி நடப்பது எப்படி என்று ஒரு பகுதி எழுதியிருக்கிறார். அரசனுக்கும் அளவாக நிலம், துறவிக்கும் வியாபாரிக்கும் நிலம், எல்லாரும் உழவேண்டும். சரி. தப்புச் செய்தவனை? அவன் குடும்பமே அவனைப் பிடித்து, முதலில் சோற்றை நிறுத்திப் பட்டினி போடவேண்டும். திருந்தினால் சோறு. மறுபடி செய்தால் அந்தக் குடும்பமே அவனைக் கொல்லவேண்டும். பஞ்சம் பார்த்த மனிதர் பட்டினியையே தண்டனையாக எழுதுகிறார். இந்த இடத்தில் எங்கள் பாட்டி ஒன்றும் பேசவில்லை, தேநீர் ஊற்ற எழுந்துபோனார். (ஒல்லாந்து நாட்டை அவர் புகழ்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்காத ஊர் எல்லாருக்கும் நல்ல ஊர்தான்.)

பிரதியின் கதையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1899-இல் கானோ கோக்கிச்சி என்ற அறிஞர் கையில் கிடைத்தது. 1923-இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. அதே வருஷம் செப்டம்பர் நிலநடுக்கத் தீயில் எரிந்துபோனது. ஒருவர் இரவலாக எடுத்துப்போயிருந்த 12 பகுதிகள் மட்டும் தப்பின. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை இனி நான் திட்டப் போவதில்லை. 1949-இல் கனடா நாட்டுத் தூதரக அதிகாரி ஈ. எச். நார்மன் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் ஷோஎகி உலகத்துக்குத் தெரிந்தார்.

அடுத்து கேலிப் புத்தகங்கள். மஞ்சள் அட்டை போட்டு வந்ததால் 'கிப்யோஷி' என்று பெயர். படத்தைச் சுற்றி இடமிருக்கும் இடத்திலெல்லாம் எழுத்து ஊர்ந்திருக்கும். இவற்றைப் படிக்கும் விதி ஒன்றுதான்: வெளியான வருஷத்தை முதலில் பாருங்கள். சாந்தோ க்யோதென்னின் 'கோஷிஜிமா தோகி நி ஐசோமே' 1789-இல் வந்தது. தலைப்பே சிலேடை: 'கோஷி' என்றால் கட்டம் போட்ட துணியும் ஆகும், கன்ஃபூசியஸும் ஆகும். கதையில் நாடெங்கும் நல்லொழுக்கம் பரவிவிடுகிறது. பிச்சைக்காரர்கள் வேதம் படிக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தை எப்படித் தொலைப்பது என்று ஜனங்கள் தவிக்கிறார்கள். வழிப்பறிக்காரன் இருட்டில் வழிமறித்துத் தன் உடுப்பைக் கழற்றி, போகிறவன் மேல் பலவந்தமாகப் போர்த்திவிடுகிறான். வருஷம் தெரியாமல் படித்தால் இது ஒரு இனிய கனவு. 1787 முதல் மத்சுதைரா சதனொபு என்ற மந்திரி சிக்கனம், ஒழுக்கம், கன்ஃபூசியம் என்று நாட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார் என்று தெரிந்து படித்தால், ஒவ்வொரு படமும் ஒரு கிள்ளல். 1791-இல் வேறு புத்தகங்களுக்காக க்யோதென்னுக்கு ஐம்பது நாள் கைவிலங்கு. அவருடைய பதிப்பாளர் த்சுதாயா ஜூசாபுரோவின் சொத்தில் பாதி போனது.

கற்பனைப் பயணக் கதைகளையும் இதே கையோடு முடித்துவிடலாம். ஹிராகா கென்னாயின் 1763-ஆம் வருஷக் கதையில் நாயகன் ஒரு மாய விசிறியில் பறக்கிறான். மார்பில் ஓட்டை உள்ளவர்களின் நாட்டில் இவன் அழகைப் பார்த்து இளவரசிக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். உடுப்பைக் கழற்றினால் ஓட்டை இல்லை, அங்கஹீனம் என்று துரத்திவிடுகிறார்கள். பெண்கள் தீவுக்கும் போகிறான். அங்கே ஆண்கள்தான் விடுதியில் உட்கார்ந்து பெண் வாடிக்கையாளருக்குக் காத்திருக்கவேண்டும். 1774-இல் வந்த 'வாஸோபியோஎ'யில் நாகசாக்கி வியாபாரி ஒருவன் சாவே இல்லாத நாட்டில் ஒதுங்குகிறான், அங்கே ஜனங்கள் சாவுக்கு ஏங்குகிறார்கள். இவை உலகத்தை மாற்றச் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போய்விடும். அதற்கு மேல் இவற்றிலிருந்து பிழியாதீர்கள்.

ரகசிய மனுக்கள் வறண்டவை, ஆனால் தவறவிடக் கூடாது. ஹோண்டா தோஷியாகி 1798-இல் எழுதியவற்றில் ஐரோப்பா ஒரு பொன்னுலகம்: கல் வீடு, சில எழுத்துகளிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடும் நெடுங்கணக்கு, பெரிய கப்பல். ஏன் இப்படிக் கப்பல் கப்பல் என்கிறார் என்று பார்த்தால் மறுபடியும் சோறுதான். 1780-களின் தென்மெய் பஞ்சத்தில் வடக்கே ஜனங்கள் செத்தது கப்பல் போக்குவரத்து அரசின் கையில் இல்லாததால்தான் என்பது அவர் கணக்கு. ஜப்பானின் தலைநகரையே வடக்கே இன்றைய ரஷ்யாவில் இருக்கும் கம்சாத்காவுக்கு மாற்றச் சொன்ன மனிதர்.

சாத்தோ நொபுஹிரோவிடம் (1769–1850) வரும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 'சூய்தோ ஹிரோக்கு'வில் ஜனங்களை எட்டுத் தொழிலாகப் பிரித்து, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழிலைத் தொடக்கூடாது என்று ஆணி அடிக்கிறார். வர்த்தகம் முழுக்க அரசுடையது. ஏழைக் குழந்தைகளைப் பாலூட்டி வளர்க்க அரசு விடுதி, கொஞ்சம் வளர்ந்தவை விளையாட அரசுக் கூடம் என்று கனிவாகவும் எழுதுகிறார். என் நோட்டில் 'ஆக்குவது யார்' என்ற வரியில் 'அரசு' என்று எழுதவேண்டிவந்த ஒரே புத்தகம் இது. குழந்தை வரும் பக்கத்தில் மயங்கிவிட்டால், 1823-இல் இதே மனிதர் மஞ்சூரியாவில் தொடங்கிச் சீனாவைப் பிடிக்கத் திட்டம் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இருபதாம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் அவரைத் தூசிதட்டித் தலையில் வைத்துக்கொண்டவர்கள் எதற்காக வைத்துக்கொண்டார்கள் என்று புரியும்.

லட்சிய உலகத்தைப் பழங்காலத்தில் தேடிய ஒரு கூட்டமும் உண்டு. ஓக்யூ சோராய் சீனத்து ஆதி அரசர்களிடம் தேடினார், சாமுராய்களை நகரத்திலிருந்து கிளப்பி நிலத்துக்கு அனுப்பச் சொன்னார். மோதோஓரி நோரினாகா ஆதி ஜப்பானில் தேடினார். இருவரையும் கடைசியில் படியுங்கள்; முதலிலேயே எடுத்தவர்கள் பாதியில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் போதும் என்று தோன்றும் நாளில் தோக்கியோவில் இருந்தால் செந்தாகாயா போங்கள். ஹாத்தோமோரி ஹச்சிமான் கோயிலுக்குள் 1789-இல் கட்டிய ஒரு குட்டி ஃபூஜி மலை இருக்கிறது, சில நிமிஷத்தில் ஏறிவிடலாம். உண்மையான ஃபூஜியில் பெண்களுக்கு உச்சி மறுக்கப்பட்ட காலத்தில் இதில் எல்லாரும் ஏறினார்கள். இந்த ஃபூஜி பக்தர்களின் குரு ஜிகிக்யோ மிரோக்கு. 1732-இல் மேற்கே பெரும் பஞ்சம். 1733 தொடக்கத்தில் எடோவில் அரிசி வியாபாரி வீட்டை ஜனங்கள் உடைத்தார்கள். அதே வருஷம் கோடையில் இவர் ஃபூஜி மேல் உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரை விட்டார். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் நல்ல உலகம் பிறந்துவிட்டது என்று சொன்னவர், அரிசியை 'போதிசத்துவர்' என்றே அழைத்தார். 1832-இல் இந்த மரபைச் சேர்ந்த தாத்சு என்ற பெண் ஆண் வேடத்தில் ஃபூஜி உச்சியைத் தொட்டார்.

மீன் படம் என்றேன் அல்லவா? 1855 எடோ நிலநடுக்கத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் அச்சாகிக் குவிந்த கெளுத்தி மீன் படங்கள் அவை. பூமிக்கடியில் மீன் புரண்டால் நிலம் ஆடும் என்பது நம்பிக்கை. படங்களில் அந்த மீன் பணக்காரர்களைக் காசு கக்க வைக்கிறது, தச்சர்களும் கொத்தர்களும் சிரித்துக்கொண்டே பொறுக்குகிறார்கள். 'யொனாஓஷி', உலகத்தைச் சரிசெய்வது, என்ற சொல்லை அந்தப் படங்களில் தேடுங்கள்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். தேசிய பாராளுமன்ற நூலகத்தின் டிஜிட்டல் சேகரிப்பிலும் வாசேதா பல்கலைக்கழகத்தின் பழநூல் தளத்திலும் மரக்கட்டை அச்சுப் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கூட்டெழுத்தைப் படிக்க 'மிவோ' என்ற செயலி 2021-இல் வந்தது. போன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டினால் இன்றைய எழுத்தில் கொடுக்கும். முழுக்க நம்பாதீர்கள், ஆனால் ஷோஎகியின் ஜோடி எழுத்து போன்றவற்றைத் தேடிப் பிடிக்க உதவும். நோட்டுப் புத்தகம் மட்டும் காகிதத்தில் இருக்கட்டும். அந்த மூன்று வரியைக் கையால் எழுதினால்தான் காலி இடம் உறுத்தும்.

ஹாச்சினோஹே போக முடிந்தால் போங்கள், சென்டாயிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் மாதிரி ஆகும். ஜூலையில் போனாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். யமாசே வீசும் நாளில் கடற்கரையில் நின்றால் 1749 எப்படி நடந்தது என்று முதுகுக்குப் புரியும். மதியம் பல கடைகளில் செம்பெய்-ஜிரு கிடைக்கும். அரிசி பொய்க்கும் மண்ணில் கோதுமை மாவில் சுட்ட தட்டையை உடைத்து, கோழியும் காய்கறியும் கொதிக்கும் சாற்றில் போடுவார்கள். தட்டை முழுக்கக் கரைவதற்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும், நடுவில் கொஞ்சம் கடிபடும்போது. போன முறை நான் குறிப்பு எழுதிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அம்மா வந்து, ஊறிப்போச்சு பார், என்று கிண்ணத்தை எடுத்துப்போய் இரண்டு தட்டை புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தார்.